நடு வட்டம்

இங்கே சிங்கப்பூரில் உயர்நிலை 2இல் படிக்கும் என் மகள் சென்ற வாரம் பள்ளியில் மாணவர் நலன் பற்றிய ஒரு கருத்தாய்வுப் படிவத்தை நிரப்பிவிட்டு வந்தாள். ‘பள்ளிக்கு வர எனக்குப் பிடித்திருக்கிறது’, ‘மனம்விட்டுப் பேச நண்பர்கள் இருக்கிறார்கள்’ என்று வரிசையாக வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து வட்டங்கள். எதைக் குறித்தாய் என்று கேட்டேன்.

“எல்லாவற்றுக்கும் நடு வட்டம்தான் அம்மா. மேலே பெயர் எழுதச் சொன்னார்கள். ஓரத்தில் குறித்தால் டீச்சர் தனியாகக் கூப்பிடுவார். வகுப்பே திரும்பிப் பார்க்கும்.”

இரவு தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் மிச்சத்தைச் சொன்னாள். நெருங்கிய தோழி வேறு வகுப்புக்கு மாறிய நாளிலிருந்து இடைவேளையில் தனியாகத்தான் சாப்பிடுகிறாளாம். இரண்டு மாதமாக! படிவத்துக்கும் தெரியவில்லை, பெற்ற எனக்கும் தெரியவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கருத்தாய்வே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பல நாட்டு மாணவர்களின் திறனை ஒப்பிடும் பிசா ஆய்வில், 2015ஆம் ஆண்டு நம் 15 வயதுப் பிள்ளைகள் கணிதம், அறிவியல், வாசிப்பு மூன்றிலும் உலகில் முதலிடம் பெற்றார்கள். அதே ஆய்வில், நன்றாகத் தயார் செய்திருந்தாலும் தேர்வு என்றால் மிகவும் பதறுவதாக அவர்களில் 76 விழுக்காட்டினர் சொன்னார்கள். அந்த ஆய்வை நடத்தும் ஓஇசிடி என்ற பொருளியல் ஒத்துழைப்பு அமைப்பின் உறுப்பு நாடுகளில் சராசரி 55 விழுக்காடு. கேட்டதால்தானே தெரிந்தது? தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வுகள் 2023க்குள் முழுவதும் நீக்கப்பட்டபோது, நான் முதலில் நினைத்தது அந்த எண்ணைத்தான்.

ஆனால் அந்த ஆய்வு தனி ஒரு பிள்ளையைத் தேடவில்லை. யார் சொன்னது என்று ஆசிரியருக்குப் போகாது என்றால் பிள்ளை உண்மையைச் சொல்லும். பள்ளியின் சூழலை அளப்பது ஒரு வேலை, வாடியிருக்கும் பிள்ளையைக் கண்டுபிடிப்பது வேறு வேலை. இரண்டையும் ஒரே தாளில் வாங்கப் பார்த்தால் இரண்டும் கெட்டுப்போகும். முதல் வேலைக்குப் பெயர் கேட்காதீர்கள். இரண்டாவதற்குப் படிவத்தோடு நின்றுவிடாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து, “இன்று யாரோடு சாப்பிட்டாய்?” என்று கேளுங்கள். அதற்கு ஆசிரியருக்கு நேரம் வேண்டும். என் அக்காவும் ஆசிரியர்தான். திருத்த வேண்டிய நோட்டுகளுக்கு நடுவே அவர் அந்த நேரத்தை எப்படித் தேடுகிறார் என்று பார்த்திருக்கிறேன். இன்னும் ஒரு படிவம் அச்சடிப்பதைவிட அவருடைய வாரத்தில் ஒரு மணி நேரத்தை விடுவித்துக் கொடுப்பது எவ்வளவோ மேல்.

இன்னொரு பயமும் இருக்கிறது. தேர்வு முடிவுகளை வைத்து உயர்நிலைப் பள்ளிகளைத் தரம் பிரிக்கும் முறையைக் கல்வி அமைச்சு 2012இல் கைவிட்டது. நலன் எண்களை வைத்து யாரும் அதைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்துவிடக் கூடாது. மகிழ்ச்சிக்கு மதிப்பெண் என்று வந்துவிட்டால், சிரிக்கும் வட்டத்தைக் குறிக்கச் சொல்லிப் பிள்ளைகளைப் பழக்கிவிடுவோம்.

அடுத்த மாதம் பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு. இந்தப் படிவங்களை யார் படிக்கிறார்கள், படித்த பிறகு என்ன மாறியது என்பதைப் பிள்ளைகளிடமே திரும்ப வந்து சொல்வார்களா என்று கேட்கப்போகிறேன். உங்கள் பிள்ளையும் இப்படி ஒரு படிவம் நிரப்பியிருந்தால், நீங்களும் கேளுங்கள்.