வேற்றுக்கிரகச் சின்னம் இல்லை, கல்லறை

90களில் உடைந்து போன யூகோஸ்லாவியா நாட்டின் இரண்டாம் உலகப் போர் நினைவுச் சின்னங்கள் மறுபடியும் இணையத்தில் படங்களாகச் சுற்ற ஆரம்பித்திருக்கின்றன. மலைச்சரிவில் ராட்சதக் கான்கிரீட் இறக்கைகள், பனிமூட்டம், ஆள் அரவமே இல்லை. கூடவே "வேற்றுக்கிரகவாசிகள் கட்டியதா?" என்று ஒரு வரி. எந்த ஊர், செத்தது யார், எதுவும் இருக்காது. எனக்கு இதில் கோபமே வருகிறது.

அந்த இறக்கைகள் இருப்பது போஸ்னியாவின் த்யெந்திஷ்தேவில். 1943இல் சுத்யெஸ்கா பள்ளத்தாக்கில் ஜெர்மானிய, இத்தாலியப் படைகளின் முற்றுகையை உடைத்து வெளியேறும்போது 7,000க்கும் மேற்பட்ட பார்ட்டிசான்கள், அதாவது டிட்டோ தலைமையில் நாஜிகளை எதிர்த்த கம்யூனிஸ்ட் கெரில்லாப் போராளிகள், இறந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்களின் எலும்புகள் அங்கேயேதான் புதைக்கப்பட்டிருக்கின்றன. சிற்பி மியோத்ராக் ஷிவ்கோவிச் செய்த அந்த இரண்டு இறக்கைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, அவர்கள் உடைத்துப் போன வழி. நடந்து போனால் புரியும். ட்ரோன் படத்தில் புரியாது.

என்னை அதிகம் பாதிப்பது போஸ்னியாவின் மோஸ்தார் நகரில் உள்ள பார்ட்டிசான் கல்லறை. 1965இல், அப்போது நாட்டின் அதிபராக இருந்த டிட்டோ திறந்து வைத்தார். வடிவமைத்த போக்தான் போக்தனோவிச், தானே பார்ட்டிசானாகப் போரிட்டுக் காயம்பட்டவர். குன்றில் படிப்படியாக ஏறும் தளங்களில், கிளை வெட்டிய மரத்துண்டு போன்ற சிறு கற்களைப் பதித்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். சிலுவையும் கிடையாது, பிறையும் கிடையாது. குரோஷியர், செர்பியர், முஸ்லிம் எல்லோரும் ஒரே வரிசையில். 90களின் போருக்குப் பிறகு மதவாரியாகப் பிரிந்து கிடக்கும் ஊரில் இந்த வரிசையைச் சிலரால் தாங்க முடியவில்லை. போஸ்னியாவின் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டிருந்தும், 2022 ஜூனில் ஒரே இரவில் அந்தப் பெயர்க் கற்களை நூற்றுக்கணக்கில் உடைத்துப் போட்டார்கள். பெயர்களாகத் தேடித் தேடி உடைத்திருக்கிறார்கள். எதை உடைக்கிறோம் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

குரோஷியாவின் கமென்ஸ்காவில் வோயின் பாகிச் செய்த எஃகுச் சின்னத்தை 1992இல் வெடி வைத்தே தகர்த்தார்கள். அதே நாட்டின் பெத்ரோவா கோராவில் உள்ள சின்னத்தின் எஃகுத் தகடுகளைக் கழற்றித் திருடிக்கொண்டு போனார்கள்.

"டிட்டோ அரசும் கொலை செய்த அரசுதானே, அதன் சின்னம் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. 1945இல் போர் முடிந்த கையோடு, ஆஸ்திரியாவின் பிளைபுர்க்கில் சரணடைந்தவர்களை, அதாவது நாஜிகளின் பக்கம் நின்ற குரோஷியப் படையினர் உள்ளிட்டவர்களை, பார்ட்டிசான்கள் பெருமளவில் கொன்றார்கள். அது உண்மை. அதைப் பற்றி அந்த அரசு வாயே திறக்கவில்லை, அவர்களுக்கு ஒரு கல்கூட நடவில்லை. அந்த மௌனத்தை நான் நியாயப்படுத்தவில்லை. கொல்லப்பட்டவர்களுக்கும் கல் நடட்டும், பெயர் பொறிக்கட்டும், முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் 1943இல் சுத்யெஸ்காவில் செத்தவர்கள் அந்தக் கொலைகளைப் பார்க்கக்கூட உயிரோடு இல்லை. அவர்களுடைய கல்லறையை உடைத்து யாருக்கு நீதி கிடைக்கப் போகிறது?