வாத்தியாருக்குப் பொன்னாடை போட்டாச்சு, நாடகம் எப்பங்க போடறது?

ஒரு நாடக வாத்தியாருக்கு நினைவஞ்சலிக் கூட்டம் வச்சா அதுல ஒரு சீனாச்சும் நடிச்சுக் காட்டணும்லா. நான் சொல்ல வந்தது அவ்ளோதான், மத்ததெல்லாம் ஆதங்கம், பொறுமையிருந்தா படிங்க.

போன சனிக்கிழம ராத்திரி மலேசியா, பேராக் சுங்கை சிப்புட்டுல நடந்த கூட்டத்துக்கு வந்தவங்களுக்குத் தெரியும். மேடைல சோபா, மாலை, பொன்னாடை, ஒருத்தர் மாத்தி ஒருத்தர் பேச்சு, வாத்தியாரோட ஐசி (அடையாள கார்டு) போட்டோவ பெருசாக்கி மங்கிப்போன ஒரு பேனர், அவர் வீட்டம்மாவ மேல கூப்பிட்டு ஒரு ஹேம்பர், அப்புறம் மீஹூன். பேசுனவங்கள்ல பாதிப் பேர் அவர் நடிச்சு ஒரு தடவகூட பார்த்தது கிடையாது, பேச்ச கேட்டாலே தெரிஞ்சுச்சு. அவர்கிட்ட பாடம் கேட்டவங்க எல்லாம் கீழ பிளாஸ்டிக் நாற்காலில. எமனும் சாவித்திரியும் பேசுற கட்டத்த பத்து நிமிஷம் போடறோம்னு அண்ணனுங்க போய் கேட்டாங்க, டைம் இல்ல, மக்கள் பிரதிநிதி ஒய்பி அடுத்த நிகழ்ச்சிக்குப் போகணும்னு பதில் வந்துச்சு. யார் சொன்னதுன்னு எழுத மாட்டேன். வாத்தியார் பேரையும் எழுதல, வீட்டுல வேணாம்னு சொல்லிட்டாங்க. நம்ம ஊர்ல வாத்தியார்னா அவருதான், ஸ்கூல்ல படிச்சுக் குடுக்கறவங்கள நாம சார்னுதானே கூப்பிடறோம்.

வெளியூர்க்காரங்களுக்கு சுங்கை சிப்புட்டுன்னா 1948 ஜூன் 16ல ரப்பர் தோட்டத்துல வெள்ளக்கார துரைங்கள கம்யூனிஸ்ட்டுங்க சுட்டது, அதனால அவசரகாலம் வந்தது, இல்லாட்டி மஇகா தலைவரா, மந்திரியா இருந்த துன் சம்பந்தன் பொறந்த ஊரு. இது நாடகம் போட்ட ஊருன்னு எவனும் சொல்ல மாட்டான். ஆனா தோட்டத்து மாரியம்மன் திருவிழான்னா விடிய விடிய நாடகம் இருந்த காலம் ஒன்னு இருந்துச்சு. வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திரன். காலைல அஞ்சு மணிக்கு பெரட்டுக்கு, அதான் வேலைக்குப் பேர் கூப்பிடற வரிசைக்கு, நிக்கற ஆளு முந்தின ராத்திரி ராஜபார்ட்டு போட்டிருப்பாரு, காது மடல்ல அரிதாரம் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கும், தோட்டத்து கணக்குப்புள்ள கிராணி பேர் கூப்பிட்டா 'ஆஜர்'னு ராஜா குரல்லயே சொல்லுவாராம். இது எங்க தாத்தா சொன்னது, கொஞ்சம் மசாலா இருக்கும்.

வாத்தியார் அந்த ராத்திரிகள்ல வளந்தவரு. அவருக்குச் சொல்லிக் குடுத்தது புதுக்கோட்டப் பக்கத்துலேர்ந்து வந்த ஒரு ஹார்மோனியப் பெரியவர், 1938ல இந்தியா தோட்ட வேலைக்கு ஆள் அனுப்பறத நிறுத்துறதுக்கு முன்னாடி கப்பல் ஏறுனவரு. அந்தப் பெரியவர் வாய்ல எப்பவும் ஒரே பேருதான், சங்கரதாஸ் சுவாமிகள். வாத்தியார் வீட்டு சாமி மேடைல முருகன் படத்துக்குப் பக்கத்துல சுவாமிகள் படமும் இருக்கும், சின்னப் புள்ளைல நான் அத ஏதோ சித்தர்னு நெனச்சு விபூதி எடுத்து பூசிக்குவேன்.

தெரியாதவங்களுக்கு: சுவாமிகள் 1867ல தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டில பொறந்தவரு. முதல்ல நடிகர்தான். எமன், இரணியன், ராவணன், சனீஸ்வரன், எல்லாம் மிரட்டுற வேஷம். அவர் வேஷத்தப் பார்த்து பயந்து ஒரு கர்ப்பிணிக்கு ஆபத்தாயிடுச்சு, அதோட நடிக்கறத விட்டுட்டு எழுதவும் சொல்லிக் குடுக்கவும் இறங்கிட்டாருன்னு ஒரு கத உண்டு, ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லுவாங்க. அந்தக் காலத்துப் பெரிய நடிகருங்க மேடைல இஷ்டத்துக்குப் பேசுறது, போட்டி போட்டு ஒருத்தர ஒருத்தர் மட்டம் தட்டுறது, ஒத்திகைக்கே வராம இருக்கறது இதெல்லாம் பார்த்து வெறுத்துப்போய்தான் பசங்கள வச்சு கம்பெனி நடத்தலாம்னு போனாரு. 1918ல மதுரைல தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா ஆரம்பிச்சாரு. அதுல சின்னப் பையனா சேந்தவருதான் பின்னாடி அவ்வை சண்முகம்னு பேர் வாங்குன டி.கே.சண்முகம். கடைசில பக்கவாதம் வந்து சுவாமிகளுக்குப் பேச்சே போயிடுச்சு, 1922 நவம்பர் 13ல புதுச்சேரில காலமானாரு. பேச்சு போன அப்புறமும் அவர் எழுதுன வசனத்தயும் பாட்டயும் பசங்க மேடைல சொல்லிக்கிட்டேதான் இருந்தாங்க. இன்னைக்கும் மதுர, புதுக்கோட்ட பக்கம் கோயில் திருவிழாவுல வள்ளி திருமணம் நடக்குது. (2019ல சென்னை நடிகர் சங்கத் தேர்தல்ல ஒரு அணி அவர் பேரையே வச்சுக்கிட்டு நின்னுச்சு, நம்ம ஊர் கட்சிக்காரங்க ஞாபகம் வந்து சிரிச்சுட்டேன்.)

சரி, நம்ம வாத்தியார் எப்படி சொல்லிக் குடுப்பாரு? மொதல்ல குரல். கோயிலுக்குப் பின்னால கடைசித் தொங்கல்ல நிக்க வச்சுட்டு அவர் அந்தாண்ட தண்ணிக் குழாய்கிட்ட போய் உட்காந்துக்குவாரு. மைக் கிடையாது. கத்துனாலும் திட்டு, முணுமுணுத்தாலும் திட்டு. 'டேய், கத்தாத, அனுப்பு, இங்க குடம் புடிக்கற அக்காவுக்கு வசனம் வந்து சேரணும், பயந்து குடத்தப் போட்டுறக் கூடாது'. அப்புறம் ராஜா நட. எல்லாரும் சினிமா பார்த்துட்டு நெஞ்ச தூக்கிக்கிட்டு நடப்போம், அவர் பால் வாளி தூக்கற காண்டாக் கம்பு ஒன்னையும் ரெண்டு பக்கமும் தண்ணி ரொப்புன வாளியையும் எடுத்துட்டு வந்து தோள்ல வச்சு சிந்தாம நடன்னுவாரு. ரப்பர் பால் தூக்கிப் பழகுனவங்களுக்குத் தெரியும், முதுகு தானா நேராகும், அடி அளந்து விழும், பார்வ தூரத்துல நிக்கும். வாளிய எறக்கி வச்சுட்டு அதே மாதிரி இன்னொருக்கா நடன்னா அவ்ளோதான், ராஜா வந்துடுவாரு. இத எந்த நடிப்புப் பள்ளிக்கூடத்துலயும் சொல்லித் தர முடியாது, காண்டாக் கம்பு தூக்குன பரம்பர வேணும் அதுக்கு.

அழுக விஷயத்துல ரொம்ப கறார். அரிச்சந்திரன்ல சந்திரமதி புள்ளயத் தூக்கிட்டு சுடுகாட்டுக்கு வர எடத்துல கண்ணக் கசக்குனா அப்பவே நிறுத்திடுவாரு. பணம் இல்லாம நிக்கறாம்மா அவ, கட்டணம் கேக்கறான் அவன், அத மொதல்ல காதுல வாங்கு, அழறது ஜனங்க வேலன்னுவாரு. நான் நடிகனாவெல்லாம் ஆகல, இப்ப ஈப்போல ஒரு ஓப்பீஸ்ல கணக்கு எழுதுறேன், ஆனா எதிர்ல இருக்கறவன் பேசி முடிக்கற வரைக்கும் வாய மூடிக்கிட்டுக் கேக்கற பழக்கம் அங்கதான் வந்துச்சு.

அவர் நடிச்சும் பார்த்திருக்கேன். எமன். வயசாயிடுச்சு அப்ப, மூச்சு வாங்கும். சாவித்திரி கேள்வி மேல கேள்வி கேக்கும்போது இந்த எமன் பதில் சொல்லத் தெரியாம மீசயத் தடவுவான் பாருங்க, ஜனம் சிரிக்கும், உடனே கயித்த ஒரு சுத்து இழுப்பான், கொட்டகையே கப்சிப். வீடியோ ஒன்னுகூட கிடையாது. கல்யாண வீடியோ ஊரு பூரா இருக்கு, இது இல்ல.

தெய்வம் ஆக்கவும் எனக்கு விருப்பமில்ல. கைல ரோத்தான் பெரம்பு இருக்கும், வசனம் மறந்தா கெண்டக்கால்ல விழும். அது சரியில்ல, அப்பவும் சரியில்ல இப்பவும் சரியில்ல, பாய்ஸ் கம்பெனி பழக்கம்னு அவர் சொன்ன சமாதானமும் எனக்கு ஏத்துக்க முடியல. பொம்பளப் புள்ளைங்கள ரொம்ப வருஷம் சேத்துக்கவே இல்ல, ஸ்திரீபார்ட்டுக்கு பசங்கதான். அப்புறம் ஆளே கிடைக்காம சேத்தாரு, சேத்தப்புறம்தான் தெரிஞ்சுச்சு அவருக்கு வாச்ச சிஷ்யங்கள்லயே கெட்டிக்காரங்க ரெண்டு அக்காங்கதான்னு. சனிக்கிழம அவங்களும் கீழதான் உட்காந்திருந்தாங்க.

பால்மரத்த வெட்டிட்டு எண்ணெய் எடுக்கற செம்பன வந்துச்சு, செம்பனையயும் அழிச்சுட்டு வீடு கட்டி தாமான் வந்துச்சு, தோட்டத்து ஆளுங்க ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்க. வாத்தியார் ஃபேக்டரில ஜாகா (காவக்கார) வேல பார்த்துக்கிட்டே, ஓஃப் நாள்ல கோயில் மண்டபத்துல பசங்கள வச்சு சொல்லிக் குடுத்தாரு. காசு வாங்கல. கோயில்ல அந்த இடத்துக்கும் ஒரு நாள் பூட்டு போட்டாங்க, கரண்ட் பில்லாம்.

இப்ப புள்ளைங்களுக்கு இதுல இன்ட்ரஸ்ட் இல்லன்னு சொல்றவங்ககிட்ட ஒன்னு கேக்கறேன். டிக்டாக்ல நம்ம பசங்க சினிமா வசனத்துக்கு வாயசைக்கறதப் பார்த்ததில்லயா? ஆச இருக்கு, வேர்க்க விறுவிறுக்க சொல்லிக் குடுக்க ஆளு இல்ல. திருவிழாவுக்கு டிஜேக்கும் ஓர்கெஸ்ட்ராவுக்கும் வசூல் பண்ற காசுல ஒரு ராத்திரிய நாடகத்துக்கு ஒதுக்குனா அம்மன் கோவிச்சுக்கவா போறா?

அதனால நாங்க சில பேர் முடிவு பண்ணிட்டோம். வர்ற திருவிழாவுல மூணாம் நாள் ராத்திரி எமன் சாவித்திரி கட்டம், முழுசா, பாட்டோட. மேடை குடுத்தா மேடைல, குடுக்காட்டி கோயிலுக்குப் பின்னால அந்தக் குழாய்கிட்ட. வாத்தியாரோட நாடக நோட்டு அவர் மக வீட்டுல பத்திரமா இருக்கு, நடுவுல சில பக்கம் கரையான் அரிச்சிருக்கு, அந்தப் பாட்டு மனப்பாடமா இருக்கறவங்க வாய்ஸ் மெசேஜ்ல பாடி அனுப்புங்க. எமனுக்கு ஆளு ரெடி, அந்த ரெண்டு அக்காவுல ஒருத்தவங்கதான் எமன், இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் கமெண்ட்ல வந்து சண்ட போடாதீங்க. ஹார்மோனியத்துக்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கல. தெரிஞ்சவங்க இன்பாக்ஸ் வாங்க. கீபோர்டு வாசிக்கற தம்பிங்களா, உங்கள இல்ல.