கையிருப்பில் விழுந்த அடி

கானாவின் நாணயமான சீடி 2007-இல் நான்கு சுழியங்களை இழந்ததை விரிவாகச் சொல்லும் ஒரு கட்டுரை, 1979 மார்ச் மாத நோட்டு மாற்றத்தைக் குறிப்பிடாமல் விட்டிருப்பது பெருங்குறை. அக்குஃபோ தலைமையிலான இராணுவ அரசு, ஐயாயிரம் சீடி வரையிலான ரொக்கத்திற்குப் பத்துக்கு ஏழு என்றும், அதற்கு மேற்பட்ட தொகைக்குப் பத்துக்கு ஐந்து என்றும் புதிய நோட்டுகளைக் கொடுத்தபோது, சேமிப்பை வீட்டிலேயே வைத்திருந்த சிறு வணிகர்களும் உழவர்களும் தங்கள் உழைப்பின் பலனை நேரடியாக இழந்தனர். 2007-இல் பத்தாயிரம் பழைய சீடி ஒரு புதிய சீடியாயிற்று, மதிப்பு மாறவில்லை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதவே கூடாது.

1965-இல் கானா பவுண்டுக்கு மாற்றாக வந்த சீடியில் இருந்த அன்றைய அதிபர் நுக்ருமாவின் உருவம், அவரது ஆட்சி 1966-இல் கவிழ்க்கப்பட்டபின், மறு ஆண்டே வெளியான புதிய சீடியில் நீக்கப்பட்டதையும் கட்டுரையில் அவசியம் சேர்க்க வேண்டும்.