நாலு மணி நேரமாக வேகாத பீன்ஸ்

நேற்று ராத்திரி ஒன்பதரை மணிக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு பிரெட்டும் ஜாமும். அடுப்பில் ஒரு பெரிய பாத்திரம் நிறைய கேஜன் பீன்ஸ் சூப், அதாவது அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துப் பாணியில் காய்ந்த பீன்ஸ் போட்டு வைக்கிற சூப். நாலு மணி நேரம் கொதித்தும் ஒரு பீன்ஸைக்கூட விரலால் நசுக்க முடியவில்லை. தோல் சுருண்டு உரிந்து வருகிறது, உள்ளே சுண்ணாம்புக்கட்டி மாதிரி நறநறவென்று நிற்கிறது. ஒரு வாய் கடித்துவிட்டு மகள் தட்டைத் தள்ளிவிட்டாள்.

"எளிய சூப், ஒரு மணி நேரம் போதும்" என்று நான் பார்த்துச் செய்த சமையல் குறிப்பில் எழுதியிருந்தார்களே! தக்காளி உட்பட எல்லாவற்றையும் முதலிலேயே கொட்டச் சொன்னார்கள். புளிப்பு சேர்ந்தால் பருப்பு வேகாது என்று சாம்பார் வைக்கிற எந்த வீட்டுக்கும் தெரியும். பருப்பு வெந்த பிறகுதானே புளி ஊற்றுகிறோம்? பீன்ஸுக்கும் அதே விதிதான். அதை ஒரு வரி எழுத என்ன கேடு?

பாக்கெட்டும் மோசம். கடைசித் தேதி போடுகிறார்கள், அறுவடை செய்த தேதியைப் போடுவதில்லை. சூட்டிலும் ஈரத்திலும் நாள்பட்டுக் கிடந்த பீன்ஸ் லேசில் மெத்தென்று ஆகாது.

அப்புறம் அந்தக் 'கேஜன் மசாலா' டப்பா. சேர்மானப் பட்டியலில் முதல் பெயரே உப்பு! புகைபோட்ட இறைச்சி சாஸேஜிலும் உப்பு, கடையில் வாங்கிய ஸ்டாக்கிலும் (சூப்புக்கு ஊற்றுகிற வேகவைத்த சாறு) உப்பு. சூப்பை நாக்கில் வைக்க முடியவில்லை.

கேஜன் என்றால் சிவப்புத் தூள் என்று ஆக்கிவிட்டார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். 1755-இல் தொடங்கி பிரிட்டிஷார் இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பக்கமிருந்து விரட்டியடித்த அகேடியர்கள் என்ற பிரெஞ்சுக் குடியேறிகளில் பலர் லூசியானாவில் வந்து ஒண்டினார்கள். அவர்கள் வழிவந்தவர்களின் வீட்டுச் சமையல் இது. வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றையும் பொறுமையாக வதக்குவதில்தான் ருசியே பிறக்கிறது. வெந்த பீன்ஸில் ஒரு கை எடுத்துப் பாத்திரத்தின் ஓரத்தில் கரண்டியால் மசித்துவிட்டால் சூப் தானாகக் கெட்டிப்படும். டப்பாவே வேண்டாம்.

இன்னொருவர், காய்ந்த ராஜ்மாவை அப்படியே, குறைந்த சூட்டில் மெதுவாக வேகவைக்கிற ஸ்லோ குக்கரில் போட்டுவிட்டு வேலைக்குப் போகலாம் என்கிறார். ஆபத்து! ராஜ்மாவில் உள்ள நச்சு அழிய, ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். இதைச் சொல்லாமல் சமையல் குறிப்பு எழுதலாமா?

இன்று வேறு கடையில் புது பாக்கெட் வாங்கி ஊறப்போட்டிருக்கிறேன். நாளைக்கு பீன்ஸ் நசுங்கும்வரை தக்காளி ஃப்ரிட்ஜை விட்டு வெளியே வராது.