ஒரு காது வைக்க அரை மணி நேரம் கிடைக்காதா?

"சும்மாதான உக்காந்திருக்கற கண்ணு, இந்தச் சின்ன வெங்காயத்த உரிச்சுப் போடு."

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமியார் இதைச் சொன்னபோது என் இடது கையில் ஒரு குதிரை, வலது கையில் பல் குத்தும் குச்சி, குச்சி முனையில் நெல்மணி அளவுக்கு எம்-சீல். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் சும்மா!

எம்-சீல் தெரியும்தானே? குழாய் ஒழுகினால் பிளம்பர் அப்பிவிட்டுப் போவாரே, அதேதான். இரண்டு துண்டையும் ஒரே நிறமாகும் வரை பிசைய வேண்டும். பிசைந்தாயிற்றா, அந்த நிமிடத்திலிருந்து அது யாருக்காகவும் நிற்காது. ஈரோட்டு வெயிலில் எனக்குக் கிடைப்பது அரை மணி நேரம். அதற்குள் காதின் உள்குழிவு, ஓரத்து மடிப்பு, நுனி வளைவு எல்லாம் வந்தாக வேண்டும். அப்புறம் அது கல்.

குதிரை, தம்பி அமெரிக்காவிலிருந்து வரும்போது கொண்டுவந்த பிரேயர் (Breyer) கம்பெனி பொம்மை. நிஜக் குதிரையில் ஒன்பதில் ஒரு பங்கு அளவு. 1950-இல் சிகாகோவில் ஒரு மேசைக் கடிகாரத்துக்கு அலங்காரமாகச் செய்த பிளாஸ்டிக் குதிரையில் ஆரம்பித்த கம்பெனி அது. கடிகாரம் வேண்டாம், குதிரையை மட்டும் கொடுங்கள் என்று ஜனங்கள் கேட்டார்களாம். அந்த ஜனங்கள்தான் என் சொந்தக்காரர்கள் என்று சில நாள் தோன்றும்.

நான் அதை மார்வாரி இனக் குதிரையாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். மார்வாரிக்கு அடையாளமே காதுதான். இரண்டு நுனியும் உள்பக்கமாக வளைந்து ஒன்றையொன்று தொடும். அதற்காகவே ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்குப் போய், கூட்டத்தில் இடிபட்டு, காதை மட்டும் அறுபது படம் எடுத்து வந்தேன். "சுழி பாக்காம காதையே சுத்திச் சுத்தி எடுக்கறீங்களே, வாங்கற உத்தேசமுங்களா?" என்று குதிரைக்காரர் கேட்டார். என்னத்தைச் சொல்ல? பொம்மையின் பழைய காதை பிளேடால் அறுத்து, ஊசியால் துளையிட்டு, மெல்லிய செம்புக் கம்பி நட்டு, வலது காதை முடித்திருந்தேன். இடது காது பாதியில் நிற்கும்போதுதான் வெங்காயம் வந்தது.

சரி, உரித்தேன். உரித்த கையோடு காலிங் பெல். கூரியர். என் வீட்டுக்காரர் பெயருக்குத்தான் பார்சல், ஓடிபி வந்ததும் இவர் போனுக்குத்தான். ஆனால் இவர் வாசலில் பைக் கழுவுகிறார், கையெல்லாம் சோப்பு நுரையாம். என் கையில் இருந்தது என்னவாம், கடலை மாவா? இவர் அந்த வண்டியை ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் கழுவுகிறார். சக்கரத்துக் கம்பியை ஒவ்வொன்றாகத் துடைக்கிறார். ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாராவது போய் "சும்மாதான இருக்கற, கொத்தமல்லி வாங்கிட்டு வா" என்று சொல்லியிருப்பார்களா? அவர் செய்தால் பராமரிப்பு. நான் செய்தால் பொழுதுபோகாமல் பொம்மை விளையாட்டு. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில், நிஜக் குதிரைகளுக்கென்றே இருக்கும் பெரிய பூங்காவில், 1990-இலிருந்து இந்த பொம்மைகளுக்குத் திருவிழாவே நடத்துகிறார்கள் என்று ஒரு தடவை சொன்னேன். "அவங்களுக்கு வேலை இல்ல" என்றார், தேய்ப்பதை நிறுத்தாமல்.

ஓடிபி சொல்லித் திரும்பினால் பெரியவள் நிற்கிறாள். மறுநாள் பள்ளிக்கு மஞ்சள் சார்ட் பேப்பர் வேண்டுமாம். வியாழக்கிழமையே சொன்னார்களாம். இவளுக்கு ஞாயிறு மூன்றரை மணிக்கு, என் காது இறுகும் நேரத்தில், ஞாபகம் வந்திருக்கிறது.

இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன். வருஷம் முழுக்க "அந்தக் குதிரையெல்லாம் மேல தூக்கிப் போடு, தூசி" என்று சொல்லும் இதே வீடு, நவராத்திரி வந்தால் மட்டும் பல்லை இளிக்கும். கொலுவில் மூன்றாவது படியில் என் குதிரைதான் நடுவில். வருகிறவர்களிடம் "எங்க மருமக கையால பண்ணுனது" என்று மாமியாரே பெருமையாகச் சொல்வார். போன வருஷம் வந்த ஒருத்தி "பையன் ஆசையா கேக்கறான், குடுத்துடுங்களேன், உங்களுக்கு வேற பண்ணிக்கலாமல்ல" என்றாள். நாற்பது நாள் வேலை! பாஸ்டல் தூளை பிரஷால் தொட்டுத் தொட்டு ஏற்றிய சாம்பல் புள்ளிகள்! சுண்டலைக் கையில் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

எனக்குத் தோதான நாளே ஆண்டில் கொஞ்சம்தான். வெயிலில் எம்-சீல் முந்திக்கொள்ளும். மழையில் வார்னிஷ் அடித்தால் ஈரக்காற்று பட்டு வெள்ளையாகப் பூத்துவிடும், கறுப்புக் குதிரை விபூதி பூசியது மாதிரி. மிச்சமிருக்கும் நாலைந்து ஞாயிறும் இப்படித்தான் போகிறது.

சார்ட் பேப்பர் வாங்கி வந்து பார்த்தால் இடது காது காய்ந்து கல்லாகிவிட்டது. நுனி உள்ளே வளையவில்லை. வெளியே சாய்ந்து நிற்கிறது, சமையல்கட்டுப் பக்கமாக. இவர் வந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான இருக்குது, யாரோ கூப்பிடறதக் கேக்கற மாதிரி" என்றார்.

அறுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். அடுத்த ஞாயிறு முடியாது. நாத்தனார் மகனுக்குக் காதுகுத்து.