முதலில் முகப்பு, அப்புறம்தான் வீடு

பாரிஸின் பிளாஸ் வாந்தோம் சதுக்கம் பற்றி யார் எழுதினாலும் நகைக்கடை, ரிட்ஸ் ஹோட்டல், டயானா என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அங்கே பிடித்தது சுவர்.

14ஆம் லூயியின் அமைச்சர் லூவுவா, வாந்தோம் பிரபுவின் மாளிகை இருந்த நிலத்தை அரசருக்காக வாங்க வைத்தார். நூலகம், கலைக்கழகங்கள், நாணயச்சாலை, தூதர்கள் தங்குமிடம் எல்லாம் அங்கே வரும் என்று திட்டம். கட்டடக் கலைஞர் ஜூல் ஹார்டுவான் மான்சார் முகப்புச் சுவர்களை எழுப்பத் தொடங்கினார். 1691இல் லூவுவா இறந்தார். போர்ச் செலவில் கஜானாவும் காலி. 1699இல் அரசர் நிலத்தை நகராட்சியிடம் தள்ளிவிட, அதே மான்சார் பழைய சுவர்களை இடித்துவிட்டு, மூலைகளைச் சாய்வாக வெட்டிய எண்கோண அமைப்பில் புதிய முகப்பு போட்டார்.

இதில்தான் வேடிக்கை. முதலில் முகப்பு மட்டும். அதற்குப் பின்னால் வெறும் மனை. சுவரை ஒட்டிய மனைகளைப் பணக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, உள்ளே அவரவர் இஷ்டத்துக்கு வீடு கட்டிக்கொண்டார்கள். வெளியே மட்டும் கை வைக்கக் கூடாது. கீழே வளைவுகள், மேலே இரண்டு மாடி உயரத்துக்கு ஒட்டுத் தூண்கள், செங்குத்தான கூரையில் சின்னச் சின்ன சன்னல்கள். இதைப் போலித்தனம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளே எப்படியும் இருந்துகொள், தெருவுக்குக் காட்டும் முகம் எல்லோருக்கும் பொது என்பதில் ஒரு மரியாதை இருக்கிறது.

அந்த அழகைக் கெடுத்தது நடுவில் நிற்கும் தூண். இங்கே முதலில் இருந்தது ஜிரார்தோன் செய்த லூயியின் குதிரைச் சிலை. சதுக்கத்தின் அளவே அதற்காகப் போட்டதுதான். 1792இல் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் அதை உடைத்தார்கள். அப்புறம் நெப்போலியன், ஆஸ்டர்லிட்ஸ் போரில் பிடித்த பீரங்கிகளின் வெண்கலத்தைப் போர்த்தி, ரோமின் டிராஜன் தூண் மாதிரி 44 மீட்டர் உயரத்துக்கு ஒன்றை 1810இல் நிறுத்திவிட்டார். சுற்றியுள்ள கட்டடங்கள் அதன் காலடியில் குறுகிப்போகின்றன. உச்சியில் ரோமானிய வேடத்தில் அவரே. 1814இல் அந்தச் சிலையை இறக்கினார்கள். 1833இல் தொப்பியும் கோட்டுமாக வேறு நெப்போலியன், 1863இல் மறுபடியும் ரோமானிய வேடம். கட்சி மாறினால் சிலை மாறும் என்பது நமக்குப் புதிதா என்ன?

இந்தத் தூணுக்குக் கலை மதிப்பே இல்லை என்று 1870இல் ஓவியர் குஸ்தாவ் கூர்பே வெளிப்படையாக மனு கொடுத்தார். இடிக்கச் சொல்லவில்லை, கழற்றி வேறிடத்தில் வைக்கலாம் என்றார். அடுத்த ஆண்டு, நகரத்தைக் கையில் எடுத்துக்கொண்ட புரட்சி அரசான பாரிஸ் கம்யூன் ஏப்ரல் 12 அன்று இடிப்பு ஆணையைப் போட்டபோது கூர்பே அதன் உறுப்பினர்கூட இல்லை. நான்கு நாள் கழித்துத்தான் தேர்வானார். மே 16 அன்று, கீழே எருவும் வைக்கோலும் பரப்பி, கயிறு கட்டித் தூணைச் சாய்த்தார்கள்.

கம்யூன் ஒடுக்கப்பட்டதும் கூர்பேவுக்கு ஆறு மாதச் சிறைத் தண்டனை. அது போதாதென்று, தூணைத் திரும்பக் கட்டும் செலவும் அவர் தலையில். 3,23,091 பிராங்க், ஆண்டுக்குப் பத்தாயிரமாக 33 ஆண்டு கட்ட வேண்டும். அதற்குள் சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டிருந்தார். முதல் தவணை 1878 ஜனவரி 1. முந்தின நாள் இறந்துபோனார், வயது 58. கூட்டமாகச் செய்த காரியத்துக்குப் பேர் தெரிந்த ஒருவரைப் பிடித்து பில் கொடுத்த கதை இது. தூண் 1875லேயே எழுந்துவிட்டது, இன்றும் நிற்கிறது.

அங்கே போகிறவர்களுக்கு ஒன்று. 13ஆம் எண், நீதி அமைச்சகம். அதன் வாசலுக்குப் பக்கத்தில், சன்னலுக்குக் கீழே ஒரு பளிங்குத் துண்டு பதித்திருக்கும். புதிதாக வந்த மீட்டர் அளவை ஜனங்கள் சரிபார்த்துக்கொள்ளப் புரட்சிக் காலத்தில் ஊர் முழுக்க வைத்தவற்றில் மிஞ்சிய இரண்டில் ஒன்று. 1848இல் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். நான் பார்த்தபோது அதன் முன்னால் ஒருவரும் இல்லை, எல்லோரும் தூணைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.