சிஏ 19-9 கூடினாலே கணையப் புற்றுநோயா?

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் சிஏ 19-9 என்ற பொருளின் அளவு 37-ஐத் தாண்டினால் கணையப் புற்றுநோய் உறுதி, மஞ்சள் கஷாயம் குடித்தால் ‘கேராஸ் பாதை’ அடைபட்டு எண் இறங்கும், பயாப்ஸி (திசுவை எடுத்துச் சோதிப்பது) வேண்டாம். இது தவறு.

கேராஸ் உண்மையான மரபணுதான். கணையப் புற்றுநோயாளிகளில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோரிடம் அது பழுதாகி, அணைக்க முடியாத சுவிட்ச் போல ‘வளர், வளர்’ என்று செல்லுக்குக் கட்டளையிடுகிறது. சிஏ 19-9 என்பது செல்லின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் ஒரு சர்க்கரை அமைப்பு. புற்று செல்கள் அதை ரத்தத்தில் அதிகம் கொட்டும். பித்தநாளச் செல்களும் கொட்டும். அதனால் பித்தக்கல் அடைத்து மஞ்சள் காமாலை வந்தாலே எண் நூற்றுக்கணக்கில் ஏறலாம், அடைப்பு நீங்கினால் தானே இறங்கும். மாறாக, 5 முதல் 10 சதவீதம் பேருக்கு இந்தச் சர்க்கரையை உருவாக்கும் நொதியே கிடையாது. அவர்களுக்குப் புற்று முற்றினாலும் ரிப்போர்ட் ‘நார்மல்’ என்றே வரும். எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான்.

மஞ்சளின் குர்குமின் ஆய்வகத் தட்டில் புற்று செல்களைப் பாதித்தது நிஜம். ஆனால் குடித்தால் ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். கணையப் புற்றை அது குணமாக்கியதற்குச் சான்றில்லை.

அறிகுறி இல்லாதவர்களுக்குக் கணையப் புற்றுப் பரிசோதனை வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2019-இல் மறுபடியும் சொன்னது. அவர்கள் இணையதளத்தில் பார்க்கலாம். ரிப்போர்ட்டில் சிஏ 19-9 எண் அளவுக்கு மேல் என்று தடித்த எழுத்தில் இருந்தால் பரேல் டாடா மெமோரியல் போன்ற புற்றுநோய் மருத்துவமனையில் காட்டுங்கள். ஸ்கேனும் பயாப்ஸியும்தான் முடிவு சொல்லும். தயவுசெய்து அந்த வாட்ஸ்அப் செய்தியை ஃபார்வர்டு செய்யாதீர்கள். அனுப்பியிருந்தால் அதே குழுவில் திருத்தம் போடுங்கள்.